திருட்டு வழக்கில் சிக்கிய பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் வைப்பதை எதிர்ப்போருக்குக் கண்டனம்

செலாயாங்

வீடு புகுந்து திருடியதாகக் கைதாகும் பதின்ம வயதுப் பையன்களின் வழக்குச் செலவுக்கு எங்கள் சங்கம் நிதி ஒதுக்கியது. அன்றிலிருந்து, "திருட்டுப் பசங்களுக்கு வக்கீல் வைக்கவா சந்தா கட்டுறோம்?" என்று வட்டாரத்தில் ஒரே பேச்சு. பேச்சோடு நின்றிருந்தால் இந்த அறிக்கைக்கு வேலையே இல்லை. லோக்காப் சட்டையும் கைவிலங்குமாக நிற்கும் பையன்களின் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. படத்துக்குக் கீழே பள்ளிக்கூடம், தாமான், அப்பா பெயர் வரை இருக்கிறது. பரப்பியவர்களில் பொது இயக்கங்களில் பொறுப்பு வகிப்பவர்களும் உண்டு. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வழக்கில் சிக்கிய 18 வயதுக்குட்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "வாட்ஸ்அப் குழு எப்படி ஊடகமாகும்?" என்று எங்களிடம் வாதாட வேண்டாம். அது உங்கள் பிள்ளையின் படமாக இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

பூட்டு உடைபட்ட வீட்டுக்காரர்களின் வேதனை எங்களுக்குத் தெரியும். எங்கள் உறுப்பினர்களிலேயே அப்படிப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். திருடியவன் தப்பக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யார் திருடியது என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம், கைத்தொலைபேசி அல்ல.

இரவில் வீடு புகும் குற்றத்துக்கான குற்றவியல் சட்டம் 457ஆவது பிரிவில், திருட்டு நோக்கம் இருந்தால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. அதோடு பொது நோக்கம் பற்றிய 34ஆவது பிரிவும் சேர்ந்தால், உள்ளே போனவனுக்கும் சந்துமுனையில் மோட்டார் சைக்கிளோடு நின்றவனுக்கும் ஒரே குற்றச்சாட்டுதான். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துதான் நின்றானா, "வாடா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று மூத்தவன் கூப்பிட்டதும் ஏறிப் போனானா? இதை எடுத்துச் சொல்லப் படிவம் 4 மாணவனுக்குத் தெரியுமா? அந்த மூத்தவன் பிடிபடாமலே போவதும் நடக்கிறது.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்படுகிறது. "ஃபாஹாம்?" (புரிகிறதா?) என்கிறார்கள். பையன் தலையாட்டுகிறான். இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த அம்மா, "ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுடுவாங்க" என்று வாசலில் யாரோ சொன்னதை மகன் காதில் போட்டிருக்கிறார். அவனும் "மெங்காகு சாலா" (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) என்று சொல்லிவிடுகிறான். அதன் பிறகு அவன் போகப் போவது வீட்டுக்கா, சுங்கை பெசி துனாஸ் பக்தி சீர்திருத்தப் பள்ளிக்கா, மலாக்கா தெலோக் மாஸ் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கா என்பது அம்மாவுக்கும் தெரியாது, வாசலில் சொன்னவருக்கும் தெரியாது.

சட்டத்தில் குறையில்லை. அரசமைப்பின் 5(3) பிரிவு வழக்கறிஞர் உரிமையைத் தருகிறது. சிறுவன் கைதானால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே சொல்ல வேண்டும் என்கிறது சிறார் சட்டம் 87. விதிவிலக்குகள் இல்லாவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது 84. கொலை, துப்பாக்கி, ஆள் கடத்தல் என்று அச்சட்டம் பெயர் சொல்லும் கடுங்குற்றங்களில் வீடு புகுந்து திருடுவது இல்லை. ஆனால் இதையெல்லாம் மாஜிஸ்திரேட் முன் எழுந்து சொல்ல ஒருவர் வேண்டுமே!

வழக்கறிஞர் ஒருவர் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். 1961இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழைமேல் வழக்கு. வழக்கறிஞர் கேட்டார், மறுத்தார்கள். 5 ஆண்டு சிறை. சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதினார். 1963இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில் வழக்கறிஞர் ஒருவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரி கிடியனை விடுதலை செய்தது. அதே குற்றச்சாட்டு, அதே ஆள். நான்கு ஆண்டுகள் கழித்து, 15 வயது ஜெரால்டு கால்ட் வழக்கில் சிறுவர்களுக்கும் வழக்கறிஞர் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது.

எனவே, வழக்கறிஞரிடம் பேசாத எந்தச் சிறுவனின் ஒப்புதலையும் பதிவு செய்யாமல் வழக்கை ஒத்திவைக்குமாறு நீதித்துறையைக் கேட்டுக்கொள்கிறோம். விசாரணை அறைக்குள் போவதற்கு முன்பே பெற்றோருக்கும் சட்ட உதவிக்கும் தகவல் போக வேண்டும். இது காவல் துறைக்கு எங்கள் கோரிக்கை. படங்களைப் பரப்பிய பொறுப்பாளர்கள் அவற்றை நீக்கி, அதே குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒதுக்கிய நிதியைச் சங்கம் திரும்பப் பெறாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கைதானதாகத் தெரிந்தால் மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டுவரும் வரை காத்திருக்காதீர்கள். 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை மலேசியக் குடிமக்களுக்குக் கைது கட்டத்திலிருந்தே வழக்கறிஞரை அனுப்புகிறது. மைகார்டு இல்லாத பிள்ளையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள். பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிக் கடிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். வயதை நிரூபிக்க முதலில் கேட்பது அவற்றைத்தான்.

நிர்வாகக் குழு