அடிமை ஒழிந்தது, நிலம் எங்கே?

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர், சிட்லபாக்கம்

வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கும்போதெல்லாம் நம்மில் பலருக்கு ஒரு பெருமிதம் தோன்றுவதுண்டு. அடிமை முறையை ஒழிக்க அவர்கள் 4 ஆண்டுகள் இரத்தம் சிந்தினார்கள். நம் நாட்டிலோ போர் எதுவும் இல்லாமல், 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமே அதை முடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பெருமை நமக்குத் தகுமா? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. 1860-இல் அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். தென் மாநிலங்களின் பருத்திச் செல்வம் முழுவதும் அவர்களுடைய முதுகின்மேல் நின்றது. அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற கொள்கையுடைய லிங்கன் அவ்வாண்டுத் தேர்தலில் வென்றார். உடனே தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின; முடிவில் 11 மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரலில் மூண்ட போர் 1865-இல் ஓய்ந்தபோது 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். போருக்குக் காரணம் மாநில உரிமையே, அடிமை முறையன்று என வாதிடுவோர் இன்றும் உளர். ஆனால் மிசிசிப்பி மாநிலம் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையே அடிமை முறையைத்தான் தலையாய காரணமாகக் காட்டுகிறது. பிரிந்தவர்களின் வாக்குமூலத்தைவிட வேறு சான்று எதற்கு?

போரின் விளைவு என்ன? 1865 டிசம்பரில் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அது உண்மை. ஆனால் அதே ஆண்டில் நடந்த மற்றொன்றும் உண்டு. ஜனவரியில் தளபதி ஷெர்மன், கடற்கரையோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நிலங்களில் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளர்களிடமே திரும்பச் சேர்த்தார். விடுதலை பெற்றவன் பழைய எசமானின் நிலத்தையே வாரத்துக்கு உழுதான். விதைக்கும் சோற்றுக்கும் அவனிடமே கடன் வாங்கினான். 1870-இல் ஏட்டில் வந்த வாக்குரிமை தென்பகுதியில் மெய்யாக நிலைபெற 1965-ஆம் ஆண்டின் சட்டம் வேண்டியிருந்தது. விலங்கு கழன்றது, நிலம் கிடைக்கவில்லை.

இனி நம் கதை. 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. அதற்கு ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது. யாருக்கு? அடிமைப்பட்டவர்களுக்கு அன்று, ஆண்டைகளுக்கு! கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கோ அச்சட்டம் பொருந்தாது என்று விலக்கும் அளித்தது. பத்தாண்டுகள் கழித்தே 1843-ஆம் ஆண்டின் சட்டம் இங்கு வந்தது. ஒருவன் மற்றொருவனைத் தன் உடைமை என்று வழக்காடினால் நீதிமன்றம் ஏற்காது என்பதே அதன் சாரம். அடிமை வைத்திருப்பவனுக்குத் தண்டனை என்பது 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஏற்பட்டது. விடுபட்டவன் எங்கே குடியிருப்பான், எதை உழுது உண்பான் என்பதைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை.

பேசாததன் விளைவை அறிய நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. தாம்பரமும் சிட்லபாக்கமும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே அதைக் காணலாம். சட்டம் வந்து 48 ஆண்டுகள் கழித்து, 1891-இல், இம்மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அடிமை என்ற சொல் போயிருந்தது. படியாள் என்ற சொல் இருந்தது. கடன் என்ற கயிறு இருந்தது. தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தால், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விண்ணப்பம் தள்ளுபடியாகும். குடிசை நின்ற மண்கூட உழைப்பவனுடையதன்று. எதிர்த்துப் பேசினால் அதிலிருந்தும் வெளியேற வேண்டியதுதான். ஆகவே நிலமும் மனையும் கல்வியும் கொடுக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1892-இல் அரசாணை பிறந்தது. அவ்வழியே ஒதுக்கப்பட்டவைதாம் பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. பிற சமூகத்தார்க்கு விற்கக் கூடாது என்பது அவற்றுக்குரிய நிபந்தனை.

ஷெர்மன் கொடுத்ததை ஜான்சன் ஒரே ஆண்டில் பறித்தார். இங்கே பறிப்பு மெல்ல நடந்தது. கடனுக்கு அடகு, வாய்மொழிக் குத்தகை, கைநாட்டுப் பத்திரம் என்று நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலங்கள் பல. 1994-இல் இதே மாவட்டத்தைச் சேர்ந்த காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் உயிரிழந்தனர். இரத்தம் சிந்தாமல் முடித்தோம் என்று நாம் எப்படிச் சொல்வது?

இன்னொரு கேள்வி. 1843-லேயே அடிமை முறை ஒழிந்தது என்றால், 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் எதற்கு? அச்சட்டம் கொத்தடிமைக் கடன்கள் அனைத்தும் செல்லாதென அறிவித்தது. ஆயினும் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குடும்பமே அடைபட்டுக் கிடந்திருக்கும். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். சான்றிதழைப் பெற்ற குடும்பம் அன்றிரவு எங்கே படுக்கும்? நிலமற்றவன் திரும்பவும் முன்பணம் தேடித்தான் போவான். காரணம் அவனது அறியாமையன்று. அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவே.

சிட்லபாக்கத்தில் ஒரு காலத்தில் ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த மண் இன்று சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அன்று நிலம் வைத்திருந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அது படிப்பாகவும் வீடாகவும் மாறியது. அன்று அதே வயலில் களை பறித்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன மாறியது? பரம்பரைச் சொத்து என்பதைப் போலப் பரம்பரை இன்மை என்பதும் உண்டு. இட ஒதுக்கீடு எதற்கு என்று உணவு இடைவேளையில் வாதிடும் நண்பர்கள் இதையும் ஒருமுறை கணக்கில் சேர்க்க வேண்டும்.

மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் தாம் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் அவ்வழியைப் பின்பற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் போரை விரும்பினார் என்பதன்று இதன் பொருள். பிறர் விடுதலைக்காகத் தம் நலத்தை இழக்கவும் துணிந்தவர்களை அவர் போற்றினார். நாம் இழக்கத் துணிந்தது என்ன?

போர் வேண்டா. ஆனால் செய்யக் கூடியவை உள. ஊர்வாரியாகப் பஞ்சமி நிலங்களின் பட்டியலை அரசு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நிபந்தனை மீறிக் கைமாறியவற்றை மீட்டு உரியவர்க்குத் தர வேண்டும். மீட்கப்படும் கொத்தடிமைக் குடும்பத்துக்குச் சான்றிதழோடு மனைப் பட்டாவும் கிடைக்க வேண்டும். வரலாற்று மாணவர்களாகிய நமக்கும் பணி உண்டு. தேர்வுக்காக கெட்டிஸ்பர்க் போரின் தேதியை மனப்பாடம் செய்கிறோம். அதோடு நம் ஊரின் பழைய நிலப் பதிவேடுகளையும் படிக்கக் கற்போம். நம் ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் ஆளுக்கு ஓர் ஊர் என எடுத்துக்கொண்டு ஆராயலாம்.

சட்டம் ஒரு மனிதனின் காலிலுள்ள விலங்கைக் கழற்றலாம். அவன் ஊன்றி நிற்க அந்தக் காலுக்கடியில் சிறிதளவாவது மண் வேண்டும். அதைக் கொடுக்காதவரை, அடிமை முறையை ஒழித்துவிட்டோம் என்ற பெருமையை அமெரிக்கரும் பேச வேண்டா, நாமும் பேச வேண்டா.