பிள்ளைக்கு எதை விட்டுச் செல்வோம்?

தோட்டத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற சொத்து என்ன? நிலமில்லை. குடியிருந்த லயத்து வீடும் நிர்வாகத்துக்கே சொந்தம். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை என, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எங்குப் பிறந்தவரைக் கேட்டாலும், "எங்களைப் படிக்க வைத்தார்கள்" என்பார். படிப்பு பெரிய சொத்துதான். ஆனால், அது மட்டும் போதுமா?

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நண்பகலில் பால் வாளிகளோடு ஸ்டோருக்கு வருவார். அளவு கூட வேண்டும் என்று பாலில் தண்ணீர் கலந்தவர்களும் உண்டு. அம்மா கலந்ததில்லை. கேட்டால், "கிராணிக்குத் தெரியலேன்னாலும் என் கைக்குத் தெரியுமே தம்பி" என்பார். அவர் எனக்கு நடத்திய ஒழுக்கப் பாடம் அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்றேன். வீட்டுக்குப் போன் செய்து, "எல்லாம் பாஸ்மா" என்றேன். அம்மா அதைத் தோட்டத்துக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த நாள்களில்தான், புத்தர் தம் மகன் இராகுலனுக்குச் சொன்ன அறிவுரையை நூலகத்தில் படித்தேன். மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது அது. பாத்திரத்தின் அடியில் சிறிது நீரை மிச்சம் வைத்துக் காட்டுகிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனின் துறவும் இந்த அளவுதான் என்கிறார். பின்பு அந்த நீரைக் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி வெறுமையைக் காட்டுகிறார். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் மகன். அப்படியே, ஒன்றைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என்று பார்க்கச் சொல்கிறார். சொல்லாலோ செயலாலோ தவறு நேர்ந்துவிட்டால் ஆசானிடமோ நல்ல துணைவரிடமோ திறந்து சொல்லி, இனி அடங்கி நடக்க வேண்டும் என்கிறார்.

இது நமக்கு அந்நியமான அறிவுரை என்று எண்ண வேண்டாம். பசித்தவர்க்கு உணவிடுவதை அறத்தின் உச்சமாக வைத்த மணிமேகலை, பௌத்தக் காப்பியம். நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, சைவரான முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே வழங்கினான். நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல.

நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். நாலு மாசம் நீ தனியா கஷ்டப்பட்டியே தம்பி" என்றார். பொய்யால் அவர் அடைந்த அவமானத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இன்று நானும் ஒரு தந்தை. என் கருத்து இதுதான். பிள்ளைகள் பொய் சொல்வது பெரும்பாலும் தீய எண்ணத்தால் அல்ல. நம் கனவைக் கலைத்துவிடுவோமோ என்ற அச்சத்தால். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சுமை தோட்டத்துப் பிள்ளைகளின் தோளில் கொஞ்சமா நஞ்சமா? எனவே, "பொய் சொல்லாதே" என்று கற்பித்தால் மட்டும் போதாது. தோல்வியைத் துணிந்து சொல்லக்கூடிய வீட்டையும் பெற்றோர் அமைத்துத் தர வேண்டும். பிள்ளை உண்மையைச் சொல்லும்போது நம் முகம் எப்படி மாறுகிறது என்பதை முதலில் நாம்தான் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இல்லை. அங்கிருந்து நாம் எடுத்து வரக்கூடியது, தண்ணீர் கலக்காத அந்த வாளியைத்தான். வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பது ஏதேனும் உண்டா? இன்றிரவே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் செய்யுங்கள். அவர்கள் நாம் நினைப்பதைவிட வலிமையானவர்கள்.