விளக்கு மின்னலும் வீதியோரப் பேரமும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைப் பக்கம் செல்லும் கண்டி–யாழ்ப்பாண வீதியில் எதிரே வரும் சாரதி முன்விளக்கை இருமுறை மின்னச் செய்தால், அதன் பொருள் யாவருக்கும் தெரியும்: அப்பால் பொலிசார் வேகம் அளந்துகொண்டு நிற்கின்றனர். உடனே வாகனங்கள் சாதுவாகிவிடும். பொலிசாரைத் தாண்டியதும் பழையபடி பறக்கும். போட்டியிட்டு ஓடும் தனியார் பஸ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை! இவ்வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. வேகக் கட்டுப்பாடு வீதியோரம் நடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்காகவே உள்ளது.

ஆயினும், விளக்கு எச்சரிக்கை தவறிப் பிடிபட்டபின் நடக்கும் பேரமே நம்மைப் பெரிதும் வருத்துகின்றது. தண்டப் பத்திரம் பெற்றவர் 14 நாட்களுக்குள் பணம் கட்டிச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்கலாம். குற்றத்தை மறுப்பவர் நீதவான் முன் வழக்காடலாம். தமிழ்ச் சாரதியோ சிங்களத்தில் எழுதிய தாளைக் கண்டு மருண்டு, நோட்டை மடித்து நீட்டுகின்றார். மரக்கறி லொறியிலிருந்து நீளும் அந்த நோட்டு எவர் தலையில் விழுகின்றது? லொறிக் கூலியோடு சேர்ந்து கமக்காரன் தலையிலன்றோ!

1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் வாங்குபவரைப் போலவே கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகின்றன. அரசியலமைப்புக்கு 1988 இல் வந்த 16 ஆவது திருத்தமோ, சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பகுதிகளிலும் அரச அலுவலரிடம் தமிழில் அலுவல் நடத்தும் உரிமையைத் தந்துள்ளது. இவ்வுரிமை பொலிசாரின் தண்டப் புத்தகம்வரை இறங்காததேன்? தமிழறிந்த உத்தியோகத்தரை அரசாங்கம் வீதிக்கு அனுப்பட்டும். சாரதிகளே, பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள், நோட்டை நீட்டாதீர்கள்.