கிண்ணத்தின் விலையும் அதன் சிவப்பும்



2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹாங்காங்கில் ஒரு பீங்கான் கிண்ணம் ஏலத்துக்கு வந்தது. அதன் வாய் அகலம் 15 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒருவர் வயிறார உண்ணும் சோறு அதில் கொள்ளாது. அது விலைபோன தொகை 23 கோடியே 88 லட்சம் ஹாங்காங் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி ரூபாய்!

சீனப் பேரரசர் காங்ஸியின் காலத்தில் (1661–1722) செய்த கிண்ணம் அது. வெளிப்புறம் முழுவதும் இளஞ்சிவப்பு. அதன்மேல் பல நிறங்களில் பூக்கள். அடிப்பாகத்தில், பேரரசரின் ஆணையால் செய்தது என்னும் பொருள்பட நான்கு சீன எழுத்துகள். இந்த வகைக்கு ‘ஃபாலாங்சாய்’ என்று பெயர்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. விலையைச் சொல்கிறார்கள், ஏன் இவ்வளவு விலை என்றால், அரியது என்கிறார்கள். அந்த இளஞ்சிவப்பு எப்படி வந்தது என்று கேட்பார் இல்லை. கிண்ணத்தின் உயிரே அந்த நிறம்தான் என்பது என் கருத்து.

பீங்கான் வேக ஏறக்குறைய 1300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் மிகச் சிலவே. ஆகவே கிண்ணத்தை முதலில் வெள்ளையாகவே ஜிங்தேசென் நகரத்துச் சூளைகளில் சுட்டார்கள். பிறகு 1000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பெய்ஜிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே அரண்மனைப் பட்டறையில், நிறமூட்டிய கண்ணாடித் தூளைக் குழைத்து அதன்மேல் பூத்தீட்டினார்கள். இதுதான் எனாமல். பின்னர் 700, 800 டிகிரி வெப்பத்தில் மறுபடி சுட்டதும், தூள் உருகிக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. உங்கள் வீட்டில் பூப்போட்ட பீங்கான் கோப்பை இருந்தால், பூவின்மேல் விரலால் தடவிப் பாருங்கள். பூ சற்றே மேடாகத் தட்டுப்பட்டால், அதுவும் இப்படி மேலே இட்டுச் சுட்ட வண்ணமே.

கோபால்ட் நீலம் தரும். செம்பு பச்சை தரும். இரும்பு தருவது செங்கல் சிவப்பு. ஆனால் ரோஜா நிறம்? அதைத் தந்தது தங்கம்.

மஞ்சள் தங்கம் எப்படிச் சிவக்கும் என்று கேட்பீர்கள். தங்கத்தை இராஜ திராவகத்தில் கரைத்து, அதனுடன் வெள்ளீயத்தின் குளோரைடைச் சேர்த்தால் ஊதாநிற வீழ்படிவு உண்டாகும். ஐரோப்பாவில் இதற்குக் காஸியஸ் ஊதா என்று பெயர் வழங்கிற்று. அதில் தங்கம் மிக நுண்ணிய துகள்களாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவே. அவை பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகப் படுகிறது. சூடு மிஞ்சினாலோ துகள்கள் பருத்து நிறம் கெட்டுப்போகும். மைக்கேல் ஃபாரடே கூழ்மத் தங்கத்தை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் துகள்களின் நுண்மையே என்று கூறியது 1857இல்தான். அரண்மனைக் கைவினைஞர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னரே, வெப்பமானிகூட இல்லாமல், உலையின் சூட்டைக் கண்ணால் மதிப்பிட்டு அந்த நிறத்தைப் பிடித்து நிறுத்தினார்கள்!

இதை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்? ஐரோப்பியப் பாதிரிமார் என்று ஒரு சாரார் சொல்வதுண்டு. ஆனால் 1716இல் எனாமல் தீட்டும்படி பேரரசர் கட்டளையிட்ட இத்தாலியர் இருவரின் கதையைக் கேளுங்கள். மத்தேயோ ரீப்பா, காஸ்திலியோனே என்பவர்கள் அவர்கள். நாள் முழுதும் பட்டறையில் அடைந்து கிடக்க அவர்களுக்கு விருப்பமில்லை. மிக மோசமாகத் தீட்டிக் காட்டி விடுதலை பெற்றதாக ரீப்பாவே எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் குவாங்டொங் மாநிலத்திலிருந்து பான் சுன் என்னும் சீனக் கைவினைஞர் அரண்மனைக்கு அனுப்பப்பட்டார். தங்கத்தால் செய்யும் சிவப்பை அவர் அறிந்திருந்தார். 1728இல் அரண்மனைப் பட்டறையே பல புதிய வண்ணங்களைத் தயாரித்துவிட்டது என்றும் பதிவு உள்ளது. இரு தரப்புக்கும் இதில் பங்குண்டு. எது எவருடைய பங்கு என்பதை ஏட்டில் மட்டும் தேடினால் போதாது, எனாமலுக்குள்ளேயே தேடவேண்டும்.

அப்படித் தேட ஒரு துணுக்கைக்கூடச் சுரண்ட வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த விளைவு இங்கே கைகொடுக்கிறது. மென்மையான லேசர் ஒளியைக் கிண்ணத்தின்மேல் செலுத்தினால், சிதறி வரும் ஒளியே உள்ளிருக்கும் பொருள்களைக் காட்டிக்கொடுக்கும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இக்கருவியை அருங்காட்சியகங்களுக்கே எடுத்துச் சென்று ஃபாலாங்சாய் கிண்ணங்களை ஆராய்ந்தனர். ஈய ஆர்செனேட் என்னும் வெண்பொருள் அவற்றில் தென்பட்டது. எனாமலில் ஒளி ஊடுருவாதபடி செய்ய ஐரோப்பியர் கையாண்ட பொருள் அது.

பொது அருங்காட்சியகத்தில் இருந்ததால்தான் அந்தக் கிண்ணங்கள் ஆய்வாளருக்குக் கிடைத்தன. ஏலத்தில் கைமாறும் கிண்ணமோ பெரும்பாலும் ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொரு பெட்டகத்துக்குப் போகிறது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது சொந்தம். அதை நான் மறுக்கவில்லை. உடைந்துவிடுமோ என்று அவர் அஞ்சுவதும் நியாயமே. ஆனாலும் இவ்வகைப் பொருள் விலைபோகும்போது, அதன் நிறங்களை ஆராய்ந்து முடிவை வெளியிடுவதையும் விற்பனை நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்கவேண்டும் என்பேன். கருவியைக் கிண்ணம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகலாம். ஒரு நாள் வேலைதான். மாலையில் கிண்ணம் பெட்டகத்துக்குத் திரும்பிவிடும்.