சீட்டுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அது உதவும்

டாரட் சீட்டுகள் இன்று இரண்டு வேடங்களில் வலம் வருகின்றன. ஒன்று, எல்லோரும் அறிந்த பழைய வேடம்: வேலை எப்போது கிடைக்கும், விட்டுப் போனவர் திரும்பி வருவாரா என்று கேட்பவருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதில் சொல்வது. மற்றொன்று அண்மைக்காலத்தியது. எதிர்காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தன் மனதைத் தானே பார்த்துக்கொள்ள இது ஒரு வழி என்று சொல்லி, காலையில் ஒரு சீட்டை எடுத்து, அது எழுப்பும் எண்ணங்களை நோட்டில் எழுதுகிறவர்கள் பலர். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2024இல் நடத்திய கணக்கெடுப்பில், பத்தில் மூன்று பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ராசிபலனையோ டாரட்டையோ குறிசொல்பவரையோ நாடுவதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது பொழுதுபோக்கு. அதை நம்பி வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எடுப்பவர்கள் மிகச் சிலரே. பகுத்தறிவாளர்கள் இந்த இரண்டு பழக்கத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிகிறார்கள். டாரட் ரீடர்களில் பலர் இரண்டையும் ஒரே கடையில் விற்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு வேறுபாட்டைத் தவறவிடுகின்றன. சீட்டுக்கு எதுவும் தெரியாது என்று முழுமனதோடு ஒப்புக்கொள்பவருக்கு மட்டுமே அது சுயபரிசோதனைக்கு உதவும். ஏதோ தெரியும் என்று நம்பத் தொடங்கிய கணத்திலேயே அந்த உதவி நின்றுவிடும்.

சீட்டுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. 15ஆம் நூற்றாண்டில் மிலான், ஃபெராரா போன்ற வட இத்தாலிய நகரங்களின் அரண்மனைகளில் பிறந்தது டாரட். அன்று அது ஒரு சீட்டாட்டம், அவ்வளவுதான். மொத்தம் 78 சீட்டுகள். கோப்பை, வாள், காசு, கோல் என்ற நான்கு வகைகளில் 56. மற்ற 22இல் ‘முட்டாள்’ சீட்டைத் தவிர 21உம் துருப்புகள். இன்று ஆழ்ந்த தத்துவம் பேசுவதாகச் சொல்லப்படும் ‘மரணம்’, ‘கோபுரம்’, ‘உலகம்’ எல்லாம் எதிராளியின் சீட்டை வெட்டுவதற்கு இருந்தவை. பிரான்சில் இப்போதும் இதை ஆட்டமாகவே ஆடுகிறார்கள். 1781இல் அந்துவான் கோர் த ஜெபலான் என்ற பிரெஞ்சு அறிஞர், இது பண்டைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை அன்று உலகில் யாராலும் படிக்க முடியாது. மொழியறிஞர் ஷாம்பொலியன் அதன் புதிரை அவிழ்த்தது 1822இல்தான். ஆதாரமற்ற அந்த ஊகத்தின் மேல்தான் டாரட்டை வைத்துக் குறிசொல்லும் தொழில் வளர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூலில், டாரட்டின் முதல் மூன்று நூற்றாண்டுகள் ஆட்டத்தின் வரலாறே என்பதைச் சான்றுகளுடன் நிறுவினார். இன்று கடைகளில் அதிகம் விற்கும் சீட்டுக்கட்டின் வயதோ நூற்றுச் சொச்சம்தான். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்லச் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்து, 1909இல் லண்டனில் வெளிவந்தது அது. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ‘வாள் எட்டு’ என்றால் எட்டு வாள்கள் வரையப்பட்டிருக்கும். ஸ்மித்தான் இத்தகைய எண் சீட்டுகளுக்கும் மனிதர்களையும் காட்சிகளையும் கொடுத்தார். இன்றைய சுயபரிசோதனைப் பழக்கம் கடன்பட்டிருப்பது எகிப்துக்கு அல்ல, அவருடைய தூரிகைக்கு.

அப்படியானால் டாரட் ரீடர் சொல்வது ஏன் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது? இதற்கான விடை 1948லேயே கிடைத்துவிட்டது. உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கான மதிப்பீடு’ என்று ஒரு தாளைக் கொடுத்து, அது எந்த அளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். வாசகங்கள் கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை. வெளியில் உறுதியானவர் போலத் தெரிந்தாலும் உள்ளே சஞ்சலப்படுகிறீர்கள் என்று யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். டாரட் பலிக்கிறது என்பதற்குச் சொல்லப்படும் அனுபவச் சான்றுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். இதை மறைத்துவிட்டு டாரட்டுக்குப் பரிந்து பேச முடியாது.

ஆனால் எவருக்கும் பொருந்தும் அந்தத் தன்மை தீர்ப்பில் இருந்தால் மோசடி, கேள்வியில் இருந்தால் வசதி. ஸ்மித் வரைந்த ‘வாள் எட்டு’ சீட்டையே பாருங்கள். கண்ணைக் கட்டிய ஒரு பெண், உடலைச் சுற்றித் துணிக்கட்டு. அவளைச் சுற்றி எட்டு வாள்கள் ஈரமண்ணில் நட்டபடி நிற்கின்றன. தூரத்தில் குன்றின் மேல் ஒரு கோட்டை. இன்னும் சற்று நேரம் பார்த்தால் வேறு சில கண்ணில் படும்: கால்கள் கட்டப்படவில்லை, முன்பக்கம் வாள் ஏதும் இல்லை, காவலுக்கும் ஆளில்லை. இதை வைத்து ‘உங்களைச் சுற்றித் தடைகள் இருக்கின்றன’ என்று ஒருவர் சொன்னால், அது ஃபோரரின் தாள். அதே படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ‘என்னால் முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பவற்றில் உண்மையில் கட்டப்பட்டிருப்பது எது, கட்டப்படாமல் இருப்பது எது’ என்று கேட்டுப் பட்டியலிட்டால் கதை வேறு. பிடிக்காத வேலையை விடமுடியாமல் தவிப்பவர் வீட்டுக்கடனை முதல் பட்டியலில் எழுதலாம். வேறு இடத்துக்கு இதுவரை ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை என்பதை இரண்டாவதில் எழுதவேண்டி வரும். அந்த இரண்டாவது வரி சீட்டிலிருந்து வரவில்லை, அவரிடமிருந்தே வந்தது. சீட்டு செய்தது அவரைக் கேட்கவைத்தது மட்டும்.

அதற்குச் சீட்டு எதற்கு, ஒரு நோட்டும் பேனாவும் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சான்றுகளும் நோட்டின் பக்கமே இருக்கின்றன. மனதை அழுத்தும் அனுபவங்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குக் கால்மணி நேரம் எழுதுவதால் பயன் உண்டா என்று உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் ஆராயத் தொடங்கினார். அந்த வழியில் நடந்த 146 ஆய்வுகளை 2006இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் அளவில் சிறியது என்று தெரிந்தது. டாரட்டுக்கென்று அந்த அளவு ஆய்வுப் பலமும் கிடையாது. ஆகவே வாழ்க்கையையே மாற்றும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். சீட்டு கூட்டித் தருவது ஒன்றே ஒன்று: எங்கிருந்து தொடங்குவது என்பதை நம் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. வெற்றுத்தாளின் முன் உட்காரும் மனம், செக்குமாடு போல, பழகிய மனக்குறையையே சுற்றிவரும். கேள்வியையும் நாமே தேர்ந்தெடுத்தால், நமக்கு வலிக்காத கேள்வியாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம். குலுக்கி எடுத்த சீட்டுக்கு நம் சௌகரியம் தெரியாது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் வெளியிட்ட யோசனைச் சீட்டுக்கட்டு, ஸ்டூடியோவில் வேலை முட்டிக்கொள்ளும்போது ஒன்றை உருவிப் படித்து வேறு கோணத்தில் தொடங்குவதற்கானது. இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கல்வினோ டாரட் சீட்டுகளை அடுக்கி அவற்றிலிருந்தே கதைகள் பின்னி ஒரு நாவல் எழுதினார். இவர்கள் யாரும் சீட்டிடம் குறி கேட்கவில்லை. முன்கூட்டித் திட்டமிட முடியாத ஒரு தொடக்கத்துக்காகவே அதைக் கையில் எடுத்தார்கள்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விளையாட்டாகத் தொடங்குவது நம்பிக்கையில் போய் முடியும், இன்று கேள்விக்காக எடுத்த சீட்டு நாளை ‘சரியாக இதுவே வந்ததே’ என்ற சிலிர்ப்பைத் தரும் என்பது. இது வெறும் அச்சமல்ல, நடப்பதுதான். பொருந்தியதை நினைவில் வைத்துப் பொருந்தாததை மறப்பது மனித இயல்பு. அதனால்தான் இந்தப் பழக்கத்துக்குக் கறாரான வரம்பு வேண்டும் என்கிறேன். கேள்வி நடந்ததையும் நடப்பதையும் பற்றி இருக்கவேண்டும், இனி என்ன ஆகும் என்பதைப் பற்றி அல்ல. பிடிக்காத சீட்டு வந்தால் இன்னொன்றை எடுக்கக்கூடாது. பிடித்தது வரும்வரை எடுப்பவர் தன்னைப் பார்க்கவில்லை, ஆறுதல் தேடுகிறார். முதலில் தோன்றிய பொருளை எழுதியதும், அதே படம் நேர் எதிராக என்ன சொல்லக்கூடும் என்றும் எழுதவேண்டும். வாள்களின் நடுவே நிற்பவள் நான் என்று எழுதியவர், அந்த வாள்களை வேறொருவரைச் சுற்றி நட்டது நானாக இருக்குமோ என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். எந்த முடிவையும் சீட்டை வைத்து எடுக்கக்கூடாது. இந்த வரம்புகளை மதிக்க முடியாதவர் டாரட் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அவர் விஷயத்தில் பகுத்தறிவாளர் சொல்வதே சரி.

நம்பினால் என்ன கெட்டுப்போகும், மன ஆறுதல் கிடைக்கிறதே என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம். கெட்டுப்போவது பணம் மட்டுமல்ல. தன் மனதைத் தான் பார்க்கும் உரிமையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவதுதான் பெரிய இழப்பு. மைக்கறைப் படங்கள் பத்தை வைத்து ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் அறிமுகப்படுத்திய உளவியல் தேர்வின் நம்பகத்தன்மை பற்றிப் பயிற்சிபெற்ற வல்லுநர்களே இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலைமை அப்படியிருக்க, சில வாரப் பயிற்சியோடு ஒருவர் சீட்டை விரித்து, அறிமுகமே இல்லாதவரின் திருமணத்தையும் தொழிலையும் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு என்ன தகுதி இருக்கிறது? பிரிட்டனில் இத்தகைய சேவைகள் 2008 முதல் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகின்றன. அங்குள்ள ரீடர்கள் பலர் ‘பொழுதுபோக்குக்கு மட்டும்’ என்று எழுதிவைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம்மூரில் இதில் ஒரு வர்க்கக் கோணமும் சேர்ந்துகொள்கிறது. சாலையோரம் கிளி எடுத்துக்கொடுக்கும் படத்தைப் பார்த்துப் பலன் சொல்பவரை மூடநம்பிக்கை என்று சிரித்துக் கடக்கும் நடுத்தர வர்க்கம், அதே வேலையை ஆங்கிலத்தில் செய்பவரை ‘கோச்’ என்று அழைத்து முன்பதிவு செய்கிறது. படத்தை எடுப்பது கிளியின் அலகா, நகப்பூச்சு பூசிய விரலா என்பதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிற நிலையில் சீட்டோ நோட்டோ மருந்தாகாது. அதற்கு மருத்துவர் வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மற்றபடி, அன்றாடக் குழப்பங்களை உட்கார்ந்து யோசிக்க ஒரு தொடக்கம் தேடுபவருக்கு டாரட் ஆகாத பொருள் அல்ல. அது பயன்பட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சில வாரங்கள் எழுதிய நோட்டைத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். தள்ளிப்போட்ட ஒரு பேச்சைப் பேசியதும், ஒரு தவறை ஒப்புக்கொண்டதும், ஒரு விண்ணப்பத்தை அனுப்பியதும் அதில் இருந்தால் பழக்கம் தன் வேலையைச் செய்திருக்கிறது. சீட்டுகளின் பெயரும் அவை ‘பலித்த’ கணக்கும் மட்டுமே இருந்தால், கட்டை மூடிவைத்துவிட்டுப் பேனாவோடு மட்டும் தொடர்வதே உத்தமம்.