தண்டமா, மருந்தா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவருக்கு நம் சட்டம் வைத்திருக்கும் விடைகள் அபராதம், சிறை, உரிமப் பறிப்பு என்பவையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு அபராதம் 10,000 ரூபாய்.

அத்தொகையை உண்மையில் கட்டுவது யார்? பல வீடுகளில் அது மனைவியின் நகை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்பதை மாணவர்கள் வழியே நாம் அறிவோம். குடிநோயாளியோ மறுநாள் மாலை மீண்டும் கடை வாசலில் நிற்கிறார். தமிழகத்தில் 2003 முதல் அந்தக் கடையை நடத்துவதும் அரசே.

மாற்று வழி நம் சட்டங்களுக்குப் புதிதன்று. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சிறிதளவு போதைப்பொருளுடன் பிடிபட்டுத் தண்டனைக்குரியவராகும் அடிமையை, அவர் இசைந்தால், சிறைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. கஞ்சாவுக்குத் திறந்த கதவு மதுவுக்கு ஏன் மூடியிருக்க வேண்டும்?

சாலையில் உறவை இழந்தவர்கள் இதைக் கேட்டுச் சினக்கலாம், அச்சினம் நியாயமானது. உயிர்ச்சேதம் விளைவித்தவருக்கு இவ்வழியை நாம் கேட்கவில்லை. என்றோ ஒருநாள் குடித்தவருக்கும் அன்று; குடிநோயாளி என மருத்துவர் உறுதிசெய்தவருக்கு மட்டுமே. சிகிச்சை நிறைவுறும்வரை உரிமம் திரும்பக் கூடாது. பாதியில் கைவிட்டால் சிறை காத்திருக்க வேண்டும். இது சலுகையன்று, அபராதத்தைவிடக் கடினமான கடன்.

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' 93ஆம் அதிகாரம், 'மருந்து' 95ஆம் அதிகாரம். இடையில் நிற்பது 'சூது'. பணத்தைப் பெற்றுக்கொண்டு நோயாளியைச் சாலைக்கே திருப்பி அனுப்பும்போது நாம் ஆடுவதும் அதுவே. பணயம் வைப்பது எதிரே வருபவரின் உயிரை.