கரைத்தடம் போனா வாய்க்காலும் போச்சு

போன மாசம் ஒரு ராத்திரி அக்கா போன் பண்ணி ஒரே அழுகை. "இவன் படகு வாங்கி அதுல குடியிருக்கப் போறானாம் தம்பி. படகுல இருக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நீ சொன்னாத்தான் கேப்பான், சொல்லு" என்றாள். அக்கா மகன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் வேலையில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர் ஒருத்தர் வாய்க்காலில் படகு கட்டி அதிலேயே குடியிருக்கிறாராம். அதைப் போய்ப் பார்த்ததிலிருந்து இவனுக்கும் அந்த ஆசை பிடித்துவிட்டது.

சரி, புத்தி சொல்லலாம்னு வீடியோ கால் போட்டேன். அவன் என்னிடம் பேசவே இல்லை, போனைத் திருப்பி வாய்க்காலைக் காட்டினான். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். புத்தி சொல்ல மறந்து போச்சு.

அந்தப் படகுக்கு நேரோபோட் என்று பேர். அகலம் 7 அடிக்கும் கொஞ்சம் குறைவு. நம்ம பழனி டவுன் பஸ்ஸே அதைவிட அகலம். ஆனா நீளம் 70 அடி வரைக்கும் போகுது. உள்ளே ஒரு ஓரமாக அடுப்படி, குளிக்கிற இடம், கட்டில், நிலக்கரியோ விறகோ போட்டு எரிக்கிற கணப்பு. ரயில் பெட்டியில் குடித்தனம் பண்ணுகிற மாதிரிதான். வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும், நாலு வருஷத்துக்கு ஒருக்கா படகைச் சோதிச்சு சான்று வாங்கணும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா தண்ணியை விட்டு மேலே ஏற்றி அடிப்பக்கம் பூராவும் கருப்புத் தார்ப்பூச்சு பூசணும். (பரிசல்காரங்க பரிசலைக் கவிழ்த்துப் போட்டு தார் பூசறது ஞாபகம் வந்துச்சு.) சொந்தமாகக் கட்டுற இடம் இல்லாதவங்க ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துக்கிட்டே இருக்கணும். செம்மறி ஆட்டுக் கிடை போடறவங்க மாதிரின்னு சொன்னேன், மருமகன் சிரிச்சான்.

படகை விட எனக்குக் கண்ணில் பட்டது வேறொன்று. வாய்க்காலை ஒட்டியே ஒரு தடம் போகுது. அதில் ஒரு அம்மா நாயைக் கூட்டிக்கிட்டு நடக்குது, ஒரு பையன் சைக்கிளில் போறான், ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். "இது யாரோட தடம் மாப்ள?" என்றேன். "அந்தக் காலத்துல குதிரை நடந்த தடம் மாமா" என்றான்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் ராத்திரியெல்லாம் இதைப் பற்றித்தான் படித்துக் கொண்டிருந்தேன். 1761இல் பிரிட்ஜ்வாட்டர் என்கிற பிரபு தன் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வாய்க்கால் வெட்டினார். ஊரில் நிலக்கரி விலை பாதியாக விழுந்ததாம். ஏன்னா ரோட்டில் ரெண்டு டன் இழுக்கிற குதிரை, தண்ணியில் மிதக்கிற படகில் 30 டன் இழுக்கும். வண்டி மாடு கட்டினவங்களுக்கு இதன் அருமை புரியும். அதைப் பார்த்து நாடு முழுக்க வாய்க்கால் வெட்டினாங்க. பின்னாலேயே ரயில் வந்தது, லாரி வந்தது, படகுக்கு வேலை இல்லாமல் போனது. பல வாய்க்கால் தூர்ந்தது, சிலதை மண் போட்டே மூடிட்டாங்க. அந்தச் சமயத்தில் ரோல்ட் என்கிற மனுசன் தன் படகில் ஊர் ஊராகப் போன கதையை 1944இல் புத்தகமாகப் போட்டார். 1946இல் வாய்க்காலைக் காப்பாத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சனி ஞாயிறு ஆனா சாதாரண சனங்களே சேற்றில் இறங்கித் தூர் வாரியிருக்காங்க. 2012இலிருந்து ஒரு அறக்கட்டளை சுமார் 2,000 மைல் நீர்வழியைப் பார்த்துக்கிது. தொழிற்புரட்சிக் காலத்தில் ஓடினதை விட இன்னிக்குப் படகு அதிகம்னு அவங்களே சொல்றாங்க.

சரக்கு போயிடுச்சு, ஆனா கரையில் நடக்கிற ஆள் போகலை. அதனால வாய்க்கால் பிழைச்சுது. எனக்குப் பட்டது இதுதான்.

இங்க என்ன நடந்துச்சு? நம்மகிட்டயும் படகு ஓடின வாய்க்கால் இருந்துச்சுங்க. பழனியில் ராத்திரி ரயில் ஏறினா விடியக்காலை சென்ட்ரல். சென்ட்ரலுக்குள்ள விடாம பேசின் பிரிட்ஜில் கால் மணி, அரை மணி நிறுத்திப் போடுவாங்க, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அந்த 'பேசின்' என்கிறது என்னன்னு எத்தனை வருஷம் போய் வந்தும் நான் யோசிச்சதில்லை. படகுகள் வந்து ஒதுங்குகிற நீர்த்துறை அது. 1806இல் கொக்ரேன் என்கிற வெள்ளைக்காரர் எண்ணூருக்கு வெட்டின வாய்க்காலில் உப்பும் விறகும் அந்தப் பக்கம்தான் வந்து இறங்கின. பக்கத்தில் சால்ட் கொட்டார்ஸ் என்கிறதும் உப்புக் கொட்டாரம்தான். 1837இல் அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. தாது வருசப் பஞ்சம்னு நம்ம ஆத்தாமார்கள் சொல்வாங்களே, 1876-78, அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த சனங்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை வெட்டினாங்க. பசிச்ச வயித்தோடு மண் சுமந்தவங்க வெட்டின வாய்க்காலுக்கு கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பேரை வச்சாங்க. மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரைக்கும் வருது. அங்கே குதிரை கிடையாது. காத்து இருந்தா பாய், இல்லைன்னா ஆளுங்க கரையில் நடந்து கயிறு போட்டு இழுத்தாங்க. இங்கிலாந்தில் குதிரை நடந்த தடத்தில் இங்கே மனுசன் நடந்தான்.

பிறகு ரயிலும் லாரியும் இங்கயும் வந்துச்சு. 1965, 66 புயல்கள் கரையை உடைச்சுது. படகு குறைஞ்சது. கரையில் நடக்க ஆள் இல்லை, கரை கண்டவன் சொத்தாச்சு. குடிசை வந்தது, கட்டடம் வந்தது, சாக்கடை வந்தது. கடைசியில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடினப்ப வாய்க்காலிலேயே நட்டுட்டாங்க. என் மகளைப் பார்க்க மயிலாப்பூர் போனப்ப திருமயிலை ஸ்டேஷன் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கருப்பா, அசையாம கிடக்குது. 2008இல் அதையும் சேர்த்து தேசிய நீர்வழி நான்குன்னு அறிவிச்சிருக்காங்க. அறிவிப்பு வந்தா மட்டும் கரையில் தடம் வந்துடுமா?

ஆர்தர் காட்டன் பேரை நம்ம விவசாயிகள் மறக்கக் கூடாது. 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டினவர். இந்தியாவுக்கு ரயிலை விட வாய்க்கால்தான் வேணும், ஒரே வாய்க்காலில் பாசனமும் படகும் நடக்கட்டும்னு கடைசி வரை வாதாடினார். அவர் சொன்னது முழுக்க சரின்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம தொப்பம்பட்டி மாதிரி மானாவாரி மேட்டில் படகு எங்கே ஓடறது! ஆனா வாய்க்காலுக்கு ரெண்டு வேலை இருந்தா ரெண்டு பேர் காவல் இருப்பாங்க என்கிறது சரிதான்.

எனக்கும் ஒரு காலத்தில் படகு சொந்தமாக இருந்துச்சு. சிரிக்காதீங்க. அப்புச்சி ஊர் கணியூர் பக்கம். அமராவதி ஆத்துப் பாசனம், ராஜவாய்க்கால் ஊர். அணை கட்டுறதுக்கு முன்னாலிருந்தே ஓடுகிற வாய்க்கால்கள் அவை. குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவுன்னு ஊருக்கு ஊர் பேரோடு ஓடும். முழுப்பரீட்சை லீவு விட்டா எங்களுக்கு அங்கதான் வாசம். தார் வெட்டின வாழை மரத்தை நாலஞ்சு துண்டாக்கி மூங்கில் குச்சி அடிச்சுக் கோத்தா தெப்பம். நானும் மாமன் பையனும் ஆளுக்குப் பாதி பங்கு. ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரைக்கும் போவோம். தெப்பத்தைத் திரும்பக் கொண்டுவர கயிறு கட்டி, கரையில் நடந்து இழுக்கணும். அப்ப தெரியாது, பக்கிங்ஹாம் கால்வாயில் எந்த வேலைக்குக் கூலி கொடுத்தாங்களோ அதைத்தான் நாங்க சும்மா செஞ்சோம்.

அந்தக் கரையில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். சோத்துப் போசி கொண்டு போற பொம்பளைங்க, மாடு ஓட்டிட்டுப் போறவங்க, மடை திருப்ப மண்வெட்டியோடு வர்றவங்க. மாமா நடக்கும்போது கண் கீழேயே இருக்கும். நண்டு வளை! ஈரம் கசியுற ஒரு ஓட்டை கண்ணில் பட்டா அங்கேயே வேட்டியை மடிச்சுக் கட்டி, ஒரு கூடை களிமண் போட்டு மிதிச்சுட்டுத்தான் மேலே நடப்பார். யாரோட வயலுக்கு நேரா இருக்குன்னு பார்க்க மாட்டார். அது அவருக்குக் குடிமராமத்தும் இல்லை, சேவையும் இல்லை. நடந்து போறவன் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அன்னிக்கு ஒரு கூடை மண்ணில் முடியுறது, நாலு நாள் விட்டா நாப்பது டிராக்டர் மண்ணு.

இப்ப எங்க ஊர் கதைக்கு வர்றேன். எங்க தோட்டத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் போகுது. மழை பிடிச்ச வருஷம் மட்டும் தண்ணி வரும், குளத்துக்குப் போகும். குளம் நிறைஞ்சா சுத்துவட்டாரக் கிணத்துக்கெல்லாம் ஊத்து. எங்க அப்பாரு காலத்தில் அந்தக் கரையில் கட்டை வண்டி போகும். அப்புறம் எல்லாரும் போர் போட்டோம். சொட்டுநீர் போட்டோம். பைக் வந்துச்சு, தார் ரோட்டைச் சுத்திப் போனாலும் அஞ்சு நிமிஷம்தான். கரையில் நடக்கிறதுக்கு யாருக்கும் காரணம் இல்லை. சீமைக்கருவேலம் ஏறிச்சு.

2016 வறட்சியில் எனக்கு நாப்பது தென்னை போச்சு. மறுபடியும் கன்னு வச்சப்ப ஆடு கடிக்குதுன்னு கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தேன். எங்கே இழுத்தேன்? வாய்க்கால் கரை மேலே. "எவன் நடக்கிறான் இதுல, சும்மா கிடக்குது"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எதிர்க்கரைக்காரரும் என்னைப் பார்த்து இழுத்தார். கேக்க எனக்கு வாய் இல்லை.

ரெண்டு வருஷம் முன்னால ஐப்பசியில் நல்ல மழை. ரொம்ப நாள் கழிச்சு வாய்க்காலில் தண்ணி வந்துச்சுன்னு ஊரே பார்க்கப் போச்சு. மூணாம் நாள் ராத்திரி கரை உடைஞ்சுது. என் வேலிக்கு உள்ளே. கசிவு முதல் நாளே ஆரம்பிச்சிருக்கணும், ஆனா பார்க்க அங்கே யாரும் போக முடியாது, நான்தான் அடைச்சு வச்சிருக்கேனே! தண்ணி பூராவும் கீழ்த்தோட்டத்து மக்காச்சோளத்தில் பாய்ஞ்சுது. கதிர் பிடிக்கிற பயிர் சாய்ஞ்சு போச்சு. குளம் கால்வாசிகூட நிரம்பலை. அந்தத் தோட்டத்துக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

இப்ப ஊரில் ஒரு பேச்சு ஓடுது. வாய்க்காலை மண் போட்டு மூடிட்டா டிராக்டர் போக நல்ல தடம் கிடைக்கும், குளத்துக்குக் குழாய் போட்டுக்கலாம்னு. சொல்றவங்க கெட்டவங்க இல்லை. அறுவடை வண்டி உள்ளே வராம மக்காச்சோளத்தைத் தலைச்சுமையா சுமந்தவங்க. தடம் வேணும் என்கிறது நியாயம். ஆனா மூடித்தான் தடம் ஆகணுமா? கரையே தடமாகத்தானே இருந்துச்சு! ரெண்டு பக்கமும் வேலியை எடுத்து, முள்ளை வெட்டி, மண்ணைக் கெட்டிச்சா வண்டியும் போகும், தண்ணியும் போகும். குழாய்க்குள்ளே அடைப்பு விழுந்தா யார் கண்ணில் படும்? தூர் வாருற திட்டம் எத்தனை வந்தாலும் பொக்லைன் ஒருக்கா வந்து போகும், நண்டு தினமும் வளை தோண்டும். நான் படகு விடச் சொல்லலை. தினமும் நாலு பேர் நடக்கிற மாதிரி வைங்கன்னுதான் சொல்றேன்.

இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "முதல்ல உன் வேலியை எடப்பா"ன்னு பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

போன புதன்கிழமை எடுத்துட்டேன். பதினேழு கல்லுக்கால். ரெண்டு பேர் கூலி, ஒரு நாள் வேலை. கம்பியை உள்ளே தள்ளிப் போட்டதில் தென்னங்கன்னு வரிசை ஒண்ணு வேலிக்கு வெளியே நிற்குது, ஆடு ரெண்டைக் கடிச்சாச்சு. எதிர்க்கரைக்காரர் அளந்து பார்க்கட்டும், அப்புறம் எடுக்கறேன் என்கிறார். சர்வேயருக்குப் பணம் கட்டியிருக்கோம், அவர் எப்ப வருவாரோ.

அக்காகிட்டயும் பேசிட்டேன். "அவன் வாங்கட்டும் அக்கா, நல்ல கரைதான்" என்றேன். நாலு நாளா என் போனை எடுக்க மாட்டேங்கிறாள்.